தொடக்கப் பள்ளியைக் கடைசியில் மூடுங்கள், முதலில் திறந்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகளை மூடி வைத்தது சரிதானா என்ற விவாதத்துக்குத் தங்கள் நாளிதழ் மீண்டும் இடம் கொடுத்திருப்பதை வரவேற்கிறேன். கருத்துச் சொன்னவர்களில் பலர், மூடியதே சரி என்றோ மூடியதே தவறு என்றோ ஒரே வரியில் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியையாக அந்த இரண்டு ஆண்டுகளையும் கடந்து வந்தவள் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: எந்த மாதத்தில், எந்த வகுப்பை, எந்தக் காரணத்துக்காக மூடினோம் என்று பிரித்துப் பார்த்தால், மூடத் தேவையே இல்லாத காலத்திலும் மூடி வைக்கப்பட்டவர்கள் ஆறு வயது முதல் பத்து வயது வரையிலான குழந்தைகள் என்பது தெரியவரும். அடுத்த முறை இது நடக்கக் கூடாது என்றால், அதற்கான விதியை நோய் வருவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும்.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியதில் குறை காண எனக்கு மனமில்லை. நோய் எப்படிப் பரவுகிறது, யாரை அதிகம் தாக்குகிறது என்பது யாருக்கும் திட்டவட்டமாகத் தெரியாத நேரம் அது. 2021 ஏப்ரல், மே மாதங்களைப் பற்றியும் அப்படித்தான் சொல்வேன். மே மூன்றாம் வாரத்தில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று உறுதியானது. ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்சுகள் மருத்துவமனை வாசலில் வரிசை கட்டி நின்றன. அந்த வாரங்களில் பள்ளியைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று எந்த ஆசிரியரும் சொல்லமாட்டார். என் கேள்வியெல்லாம் முதல் அலை தணிந்த பிறகு இரண்டாம் அலை எழும்வரை இருந்த மாதங்களைப் பற்றியும், இரண்டாம் அலை ஓய்ந்த பிறகு நடந்தவற்றைப் பற்றியும்தான்.

2021 பிப்ரவரியில் மாநிலம் முழுவதும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 பேருக்கே தொற்று பதிவாகிக்கொண்டிருந்தது. மதுக்கடைகள் 2020 மே மாதத்திலேயே திறந்துவிட்டன. திரையரங்குகள் 2020 நவம்பர் 10 அன்று திறந்தன. வாரச்சந்தை கூடியது, கல்யாண மண்டபங்கள் நிரம்பின, சட்டமன்றத் தேர்தலுக்கான கூட்டங்களும் தொடங்கிவிட்டன. பள்ளிகளைப் பொறுத்தவரை, பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஜனவரி 19 அன்றும், ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் பிப்ரவரி 8 அன்றும் கதவு திறந்தது. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குத் திறக்கவே இல்லை. 2020 நவம்பரில் பெற்றோரிடம் கருத்துக் கேட்டபோதும் ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பெற்றோரிடம்தான் கேட்டார்கள். எங்கள் பள்ளிக் குழந்தைகளின் தாய்மார்களை அழைத்து யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியிருக்கும் நாட்டில், தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள்கள் வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் நாட்டில், 2020–21 கல்வியாண்டு எங்கள் குழந்தைகளுக்கு வகுப்பறையில் ஒரு நாள்கூட இல்லாமல் முடிந்துபோனது.

பெரிய வகுப்புகளை முதலில் திறந்ததற்குச் சொல்லப்பட்ட காரணம் பொதுத்தேர்வு. அந்தத் தேர்வும் நடக்கவில்லை என்பதை இன்று எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்பினர் அனைவரும் தேர்ச்சி பெற்றதாக 2021 பிப்ரவரி 25 அன்று அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு அந்த ஜூன் மாதத்தில் ரத்தானது. தேர்வு உள்ள வகுப்புக்குப் பள்ளி அவசியம், தேர்வு இல்லாத வகுப்பு காத்திருக்கலாம் என்ற கணக்கு அதிகாரிகள் மட்டத்தில் மட்டும் இருந்ததாகச் சொல்லமாட்டேன். அது நம் சமூகத்தின் கணக்கு. ஒன்றாம் வகுப்பில் என்ன பெரிதாகப் படித்துவிடப் போகிறது என்று கேட்கும் படித்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

ஒன்றாம் வகுப்பில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய வயதில் இருந்த குழந்தை, வகுப்பறைக்குள் முதன்முதலாகக் கால் வைத்தது 2021 நவம்பர் 1 அன்று, அதுவும் இரண்டாம் வகுப்பு மாணவராக. 2020 மார்ச்சில் ஒன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுப்போன குழந்தை மூன்றாம் வகுப்பு மாணவராகத் திரும்பி வந்தது. அப்படி வந்தவர்களைக் கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதச் சொன்னால் அழகாக எழுதினார்கள். எழுதியதை வாசிக்கச் சொன்னால் வாய் திறக்கவில்லை. எழுத்தை அவர்கள் படமாகப் பார்த்து வரைந்திருந்தார்கள். ‘கொடி’ என்று எழுதிக் காட்டினால், முன்னால் நிற்கும் ஒற்றைக்கொம்பையும் நடுவில் இருக்கும் ககரத்தையும் பின்னால் வரும் துணைக்காலையும் சேர்த்து ஒரே ஒலியாகச் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. ‘கெ’ என்று தொடங்கி, துணைக்காலில் வந்து நின்று, என் முகத்தைப் பார்ப்பார்கள். ‘கெ’யையும் ‘கே’யையும் பிரித்துச் சொல்ல முடிந்தவர்கள் மூன்றாம் வகுப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்கே இருந்தார்கள். கணக்கில் ஒற்றை இலக்கக் கூட்டலை விரலால் செய்தார்கள். கடன் வாங்கிக் கழிப்பது அடியோடு இல்லை. இவற்றையெல்லாம் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் உதட்டையும் விரலையும் பார்த்துத்தான் திருத்த முடியும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு அரசு கொடுத்த மடிக்கணினி இருந்தது, அதில் பாடக் காணொளிகளை ஏற்றியும் கொடுத்தார்கள். அவரால் புத்தகத்தைத் தானாக எடுத்துப் படிக்கவும் முடியும். எழுத்தே அறியாத குழந்தைக்குப் புத்தகமும் காணொளியும் எந்த வகையில் உதவும்? ஆசிரியர் இல்லாமல் சமாளிக்கக் கூடியவர்களை முதலில் அழைத்தோம், ஆசிரியர் இல்லாமல் ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாதவர்களைக் கடைசியில் அழைத்தோம்.

நவம்பரில் திறந்ததும் விடாத மழை; அந்த மாதத்தில் பல நாள் மழை விடுமுறை. டிசம்பரில் வகுப்பு ஓர் ஒழுங்குக்கு வந்தது. 2022 ஜனவரியில் ஒமைக்ரான் பரவத் தொடங்கியபோது மீண்டும் முதலில் அனுப்பப்பட்டவர்கள் சின்ன வகுப்புக் குழந்தைகள்தான். திரையரங்குகள் அப்போதும் பாதி இருக்கைகளுடன் இயங்கின. பிப்ரவரி 1 அன்றுதான் எல்லா வகுப்புகளும் திரும்பவும் தொடங்கின.

இணையவழி வகுப்பு நடந்ததே என்று சிலர் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு கைப்பேசி இருந்தால் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு எட்டு மணிக்கு அவர் திரும்பும்போது குழந்தை தூங்கியிருக்கும். வாட்ஸ்அப் குழுவில் நாங்கள் அனுப்பிய பாடத்தைப் பெரும்பாலும் பெற்றோரும் திறந்து பார்க்கவில்லை. ரீசார்ஜ் செய்யக் காசில்லாத மாதங்களில் செய்தி போய்ச் சேரவே சேராது. கல்வித் தொலைக்காட்சி நல்ல முயற்சிதான். ஆனால், கேள்வி கேட்டால் அது பதில் சொல்லாது, தவறாக எழுதினால் கையைப் பிடித்துத் திருத்தாது. தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பிரதேசங்களிலும் 2021 ஆகஸ்டில் பொருளாதார அறிஞர்கள் ஜீன் டிரீஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் ஒருங்கிணைத்த கணக்கெடுப்பில், வசதி குறைந்த குடும்பங்களின் ஏறத்தாழ 1,400 குழந்தைகளைப் பார்த்தார்கள். கிராமங்களில் முறையாக இணையவழியில் படித்துக்கொண்டிருந்தவர்கள் 8 விழுக்காடு. எதையுமே படிக்காதிருந்தவர்கள் 37 விழுக்காடு. நகரத்தில் தன் பிள்ளை மடிக்கணினியின் முன் உட்கார்ந்து பாடம் கேட்டதைப் பார்த்தவர்கள் அந்தக் காலத்தைக் ‘கற்றல் வேறு வடிவில் தொடர்ந்த காலம்’ என்று நினைவுகூர்கிறார்கள். கிராமத்தில் பத்தில் ஒரு குழந்தைக்குக்கூட அது தொடரவில்லை.

நோயைப் பற்றிய கவலைக்கு வருகிறேன், ஏனென்றால் அதைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. குழந்தை பள்ளியிலிருந்து தொற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து பாட்டிக்குக் கொடுத்துவிடும் என்ற அச்சம் உண்மையானது. ஆனால் பள்ளி மூடியிருந்ததால் குழந்தைகள் வீட்டுக்குள் தனித்திருந்தார்கள் என்று நினைப்பவர்கள் எங்கள் ஊர்த் தெருவைப் பார்த்ததில்லை. அவர்கள் கோயில் திடலில் கூட்டமாக விளையாடினார்கள், ஏரிக்கரையில் ஆடு மேய்த்தார்கள், ஒரே பாயில் தாத்தா பாட்டியோடு படுத்தார்கள். சிலர் பெற்றோரோடு செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போனார்கள். முகக்கவசமோ இடைவெளியோ அங்கே எதுவும் இல்லை. இருபது குழந்தைகளைப் புங்க மரத்தடியில் காற்றோட்டமாக உட்கார வைத்து, கை கழுவச் சொல்லி, காய்ச்சல் இருந்தால் வீட்டுக்கு அனுப்பும் ஒரே இடம் பள்ளிதான். அந்த இடத்தைத்தான் பூட்டினோம்.

மருத்துவ அறிவுரையும் சின்ன வகுப்புகளுக்கு எதிராக இருக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் தலைமை இயக்குநராக இருந்த பல்ராம் பார்கவா 2021 ஜூலையில், பள்ளிகளைத் திறப்பதாக இருந்தால் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பதே அறிவுடைமை என்றும், வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் சிறு குழந்தைகளிடம் குறைவு என்றும் வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஜூன், ஜூலையில் குழுமம் நடத்திய ரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பில், 6 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களின் உடலில் ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் உருவாகியிருந்தது தெரிந்தது; பள்ளி பூட்டியிருந்தபோதே அவர்களுக்குத் தொற்று வந்து போயிருந்தது. அதற்கு ஓர் ஆண்டுக்கு முன்பே, 2020 ஏப்ரல் நடுவில், டென்மார்க் தன் சிறு குழந்தைகளைத்தான் முதலில் பள்ளிக்கு அழைத்திருந்தது. இங்கே 2021 செப்டம்பர் 1 அன்று ஒன்பதாம் வகுப்புக்கு மேலும், இரண்டு மாதம் கழித்து ஒன்று முதல் எட்டு வரையும் திறந்தோம்.

சுவீடன் கதையையும் பலர் எடுத்துக் காட்டுகிறார்கள். 2020 வசந்த காலத்தில் அங்கே மேல்நிலை வகுப்புகளை மூடிவிட்டு, அதற்குக் கீழுள்ள வகுப்புகளைத் திறந்தே வைத்திருந்தார்கள். பின்னர் நடந்த ஆய்வில், திறந்திருந்த வகுப்புகளின் பெற்றோருக்குத் தொற்று சிறிதளவே கூடுதலாக இருந்தது. ஆனால் ஆசிரியர்களுக்கு, மூடிய வகுப்புகளின் ஆசிரியர்களோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. பள்ளியைத் திறக்கச் சொல்கிறவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. 2021 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டத்தில் திறந்திருந்த பள்ளிகளில் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கொத்தாகத் தொற்று வந்ததையும் நாம் பார்த்தோம். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ள ஐம்பது வயது ஆசிரியர்கள் அஞ்சியதைச் சோம்பல் என்று பேசியவர்கள் இருந்தார்கள். அது அவதூறு. ஆசிரியர்களை வகுப்புக்கு அனுப்பும் சமூகம் அவர்களைக் காப்பாற்றவும் கடமைப்பட்டது. தடுப்பூசி வந்தபோது மருத்துவப் பணியாளர்களுக்கு அடுத்த வரிசையில் பள்ளி ஆசிரியர்களையும் சத்துணவுப் பணியாளர்களையும் நிறுத்தியிருந்தால், 2021-இன் முதல் மாதங்களிலேயே எங்கள் கையில் ஊசி ஏறியிருக்கும். ஆசிரியர் தினத்துக்குள் ஆசிரியர்கள் எல்லோருக்கும் தடுப்பூசி போட்டு முடிக்குமாறு மாநிலங்களை மத்திய அரசு கேட்டுக்கொண்டது அந்த ஆகஸ்டில்தான்.

இத்தனை தாமதத்துக்கும் அடிப்படையான காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை என்றே நம்புகிறேன். முடிவு எடுக்கப்பட்ட முறையில்தான் கோளாறு. ஊரடங்கு நீட்டிப்பு ஆணைகள் வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறையிலிருந்து மாதாமாதம் வரும். தடை தொடரும் இடங்களின் பட்டியலில் பள்ளி, கல்லூரி, திரையரங்கு, நீச்சல் குளம், பொழுதுபோக்குப் பூங்கா என்று ஒரே வரிசையில் பள்ளியும் நிற்கும். திரையரங்கு உரிமையாளர்களுக்குச் சங்கம் இருந்தது, அவர்கள் கோட்டைக்குப் போய் மனுக் கொடுத்தார்கள், பட்டியலிலிருந்து வெளியே வந்தார்கள். இரண்டாம் வகுப்புக் குழந்தைக்காக மனுக் கொடுக்க யார் இருந்தார்கள்? மூடியிருப்பதற்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லாததால், மூடியிருப்பதே இயல்பு நிலையாகிவிட்டது.

இன்னொன்று, மாநிலம் முழுமைக்கும் ஒரே விதி. சென்னையில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பேருந்திலும் வேனிலும் வந்து சேரும் பள்ளிக்கும், பிள்ளைகள் எல்லோரும் நடந்தே வரும், இரண்டு ஆசிரியர்கள் மட்டும் உள்ள ஒன்றியப் பள்ளிக்கும் ஒரே தேதியில் பூட்டு, ஒரே தேதியில் திறப்பு. தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் கணிசமானவை அறுபதுக்கும் குறைவான பிள்ளைகள் படிப்பவை. இந்தப் பள்ளிகளில் இடைவெளி விட்டு உட்கார வைப்பதற்கு எந்தப் புதுக் கட்டடமும் தேவைப்பட்டிருக்காது. இலங்கையில் 2021 அக்டோபரில் பள்ளிகளைத் திரும்பத் திறந்தபோது 200 மாணவர்களுக்குக் குறைவான பள்ளிகளின் தொடக்கப் பிரிவுகளில்தான் ஆரம்பித்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே இந்த வழி இருந்தது.

இழந்ததைப் பிள்ளைகள் மீட்டுவிட்டார்களே என்ற வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பொருளாதார ஆய்வாளர்கள் அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளிடம் செய்த ஆய்வு, 2021 டிசம்பரில் பெரும் கற்றல் இழப்பு இருந்ததையும், பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுசெய்யப்பட்டதையும் காட்டியது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு, 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே தொடங்கிவைக்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்றும் அது கணக்கிட்டது. மாலை ஐந்து மணிக்குத் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படிக்க வைத்த அந்தத் தன்னார்வலர்களை, அவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்ப் பெண்கள், எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் இந்த ஆய்வை மூடியதற்கான சமாதானமாக யாரும் காட்டக் கூடாது. ஆள் முன்னால் உட்கார்ந்தால் ஆறு மாதத்தில் இவ்வளவு கற்கிறார்கள் என்றால், ஆள் வராத பத்தொன்பது மாதங்களில் எவ்வளவு கற்றிருப்பார்கள் என்பதையே அது சொல்கிறது. மீதமிருந்த ஒரு பங்கு யாருடையது என்பதும் எங்களுக்குத் தெரியும். வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளைகளுடையது. சூளைக்குப் போய்த் திரும்ப மனமில்லாமல் திரும்பியவர்களுடையது. வேலைக்குப் போய்விட்ட பையன்களையும், பதினெட்டு நிறையுமுன் கல்யாணம் செய்து கொடுக்கப்பட்ட அவர்களுடைய அக்காக்களையும் எந்தத் துணை வகுப்பும் திரும்ப அழைத்து வரவில்லை.

2021 ஜூலையில் யுனிசெஃப், யுனெஸ்கோ ஆகிய இரண்டு அமைப்புகளின் தலைவர்களும் கூட்டாக விடுத்த அறிக்கையில், பள்ளிகள் கடைசியாக மூடப்பட வேண்டும், முதலில் திறக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அதைத் தமிழ்நாட்டுக்கு ஏற்ற சட்ட விதியாக எழுதச் சொல்கிறேன். தொற்று நோய்க் காலத்தில் பள்ளியை மூடும் ஆணை, பள்ளிக்கென்று தனியாக, காரணம் காட்டி, இரண்டு வாரத்துக்கு மேற்படாத காலத்துக்கு வர வேண்டும். நீட்டிப்பதானால் புதிய காரணம் சொல்ல வேண்டும். திரையரங்கும் மதுக்கடையும் திறந்திருக்கும் ஊரில் தொடக்கப் பள்ளியை மூடி வைக்க அந்த விதி இடம் தரக் கூடாது. மாநிலம் முழுவதற்கும் ஒரே தேதி குறிக்காமல், தொற்றின் அளவை ஒன்றியவாரியாகப் பார்த்து, வட்டாரக் கல்வி அலுவலரும் வட்டார மருத்துவ அலுவலரும் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கலந்து முடிவெடுக்கும் அதிகாரம் வேண்டும். அந்தக் குழுவில் பெற்றோர், குறிப்பாகத் தாய்மார்கள், ஏற்கெனவே இருக்கிறார்கள். மூட வேண்டிய வாரங்களிலும் ஆசிரியர்கள் ஐந்தாறு குழந்தைகளாகப் பிரித்துத் தெருவில் பாடம் நடத்த அனுமதி இருக்க வேண்டும். 2020-இல் அனுமதி இல்லாமலே இதைச் செய்த ஆசிரியர்களை எனக்குத் தெரியும். சத்துணவுக்குப் பதிலாக வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் உலர் அரிசியும் பருப்பும் வீட்டு உலையில் எல்லோருக்குமாகக் கரைந்துவிடும் என்பதால், சமைத்த உணவைக் குழந்தையின் தட்டில் சேர்க்க வழி காண வேண்டும்.

புதிய சட்டம் இயற்றித்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதில்லை. 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தையும் கல்வி உரிமைச் சட்டத்துக்கான மாநில விதிகளையும் ஒட்டி, பள்ளிக் கல்வித் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் சேர்ந்து ஓர் அரசாணையாக வெளியிட்டாலே தொடக்கமாக இருக்கும். அந்த வரைவை இறுதி செய்வதற்கு முன் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களையும், ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளின் பெற்றோரையும் அழைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
திருவண்ணாமலை மாவட்டம்.